முகப்பு சரி, எலும்பு என்ன ஆச்சு?

ஜெர்மனி, ஆஸ்திரியாவோட சின்ன ஊர் போட்டோ நம்ம எல்லார் ஃபோனுக்கும் எப்பவாவது வந்திருக்கும். வெள்ளைச் சுவர்ல கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமா போற வீடு, ஜன்னல்ல பூத்தொட்டி, கீழ கல் பாவின தெரு. கார்ட்டூன் படத்துல வர்ற ஊர் மாதிரி இருக்குன்னு ஒரு லைக் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம்.

ஆனா அந்த போட்டோல அழகுக்காக வெச்சதுன்னு நாம நினைக்கிற பல விஷயங்கள் அழகுக்காக வந்ததே இல்ல. தீ, மழை, பனி, இடநெருக்கடி இப்படி ஏதாவது ஒரு பிரச்சினைக்கு ஒரு தச்சனோ கொத்தனோ கண்டுபிடிச்ச விடைதான் அது. அழகு பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

இது புரிஞ்சா ஒரு பெரிய கேள்வி தானா வரும். பழைய கட்டடத்தைக் காப்பாத்துறோம்னு ஒரு ஊர் சொன்னா, அது எதைக் காப்பாத்துது? தெருவுல இருந்து தெரியற முகத்தையா, அந்த முகத்தைத் தாங்கி நிக்கிற எலும்பையா? ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொல்லல. ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி சொல்லிப் பார்த்திருக்கு. அதைத்தான் இங்க பார்க்கப் போறோம்.

எலும்பு வெளியே தெரியற வீடு

அந்த மரச்சட்ட வீடுகளுக்கு ஜெர்மன்ல ஃபாக்வெர்க்னு பேரு. அதைப் பார்க்கணும்னா ஹார்ட்ஸ் மலையடிவாரத்துல இருக்கிற க்வெட்லின்பூர்க் ஊர்தான் நல்ல உதாரணம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபாக்வெர்க் வீடுகள் அங்க இருக்கு. 1994-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த ஊர். 14-ஆம் நூற்றாண்டு வீடு ஒண்ணு இன்னும் நிக்குது, இப்போ அதுவே ஒரு ஃபாக்வெர்க் அருங்காட்சியகம்.

அடிப்படை ஐடியா நமக்குத் தெரிஞ்சதுதான், ஃபிரேம் ஸ்ட்ரக்சர். தரையில ஒரு சின்ன கல் சுவர். அது மேல படுக்கையா ஒரு அடிச்சட்டம். அதுல இருந்து செங்குத்தா மரத்தூண்கள். மேல மறுபடியும் படுக்கையா ஒரு சட்டம். லோட் முழுக்க இந்த மரம் வழியாத்தான் கீழ இறங்குது. நடுவுல இருக்கிற வெள்ளைக் கட்டங்கள் வெறும் நிரப்பு. குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேல சுண்ணாம்பு பூசியிருப்பாங்க. சில இடத்துல செங்கல். நாம கான்கிரீட் காலமும் பீமும் போட்டு நடுவுல செங்கல் அடுக்குறோமே, அதே லாஜிக்.

செங்குத்துத் தூணும் படுக்கைச் சட்டமும் மட்டும் இருந்தா அது வெறும் சதுரம். காத்து பக்கவாட்டுல தள்ளினா சதுரம் சாய்ஞ்சு நசுங்கும். முக்கோணம் அப்படி நசுங்காது. இதை முதல் வருஷமே படிச்சிருப்போம். அதனாலதான் சாய்வுக் கட்டைகள். ஜெர்மனியோட ஹெஸ்ஸன், ஃபிராங்கோனியா பக்கம் இந்தச் சாய்வுக் கட்டைகளைத் தூணோட ரெண்டு பக்கமும் கீழயும் மேலயும் போடுவாங்க. தள்ளி நின்னு பார்த்தா கையையும் காலையும் விரிச்சு நிக்கிற ஒரு ஆள் மாதிரி இருக்கும். அதுக்கு ‘காட்டு மனுஷன்’னு அர்த்தம் வர்ற பேர் வெச்சிருக்காங்க. டிசைன் மாதிரி தெரிஞ்சாலும் அது காத்துக்கு எதிரான பிரேசிங்.

அடுத்தது, மேல போகப் போக வீடு தெருப்பக்கம் துருத்திக்கிட்டு வரும். முதல் மாடி தரைத்தளத்தை விடக் கொஞ்சம் வெளிய, ரெண்டாவது மாடி அதை விட வெளிய. மனை சின்னதா இருக்கும்போது மேல கொஞ்சம் இடம் கிடைக்கும், கீழ்ச்சுவர் மேல மழையும் குறைவா விழும். இது எல்லாரும் சொல்றது. நமக்குப் பிடிச்ச காரணம் இன்னொண்ணு இருக்கு. மாடித் தரையைத் தாங்குற விட்டம் சுவரைத் தாண்டி வெளிய நீளுது. அந்த நீண்ட நுனி மேல மேல்மாடிச் சுவரோட எடை உட்காருது. நுனி கீழ அழுந்தினா விட்டத்தோட நடுப்பகுதி மேல எழும்பப் பார்க்கும். அறைக்குள்ள இருக்கிற பாரம் அதே நடுப்பகுதியைக் கீழ வளைக்கப் பார்க்கும். ஒண்ணை ஒண்ணு ஓரளவு சமன் பண்ணிக்கும். ஓவர்ஹேங்கிங் பீமுக்கு நாம வரையற பெண்டிங் மொமென்ட் டயக்ராம்தான் இது. டயக்ராம் வரையத் தெரியாத தச்சர்களுக்கு அனுபவத்துல தெரிஞ்சிருக்கு.

வெளிய நீளுற அந்த விட்ட நுனிகள் கண்ணுக்கு நேரா வர்ற இடம். சும்மா விட மனசு வருமா? க்வெட்லின்பூர்க் தச்சர்கள் அந்த நுனிகளைச் சின்ன பிரமிடு மாதிரி செதுக்கினாங்க. அந்த ஊர் வேலையோட அடையாளமே அதுதான். பக்கத்துச் சட்டங்கள்ல விசிறி மாதிரி விரியற பூ. வாசலுக்கு மேல இருக்கிற சட்டத்துல கட்டின வருஷம், வீட்டுக்காரர் பேரு, சில நேரம் தச்சர் பேரு, பைபிள் வரி. அலங்காரம் எங்க உட்கார்ந்திருக்குன்னு கவனிச்சுப் பாருங்க. ஜாயின்ட் இருக்கிற இடத்துல, லோட் கைமாறுற இடத்துல.

இரும்பு ஆணி இல்லாத ஜாயின்ட்

ஒரு கட்டையோட நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொரு கட்டையில வெட்டின துளைக்குள்ள நுழைச்சு, குறுக்க ஒரு ஓக் மர ஆணி அடிச்சிடுவாங்க. அவ்வளவுதான் ஜாயின்ட். இதுல ஒரு பெரிய வசதி, மர ஆணியைத் தட்டி எடுத்தா மொத்த வீட்டையும் பிரிச்சிடலாம்.

கட்டினதே அப்படித்தான். தச்சர் தன்னோட பட்டறை முற்றத்துல ஒரு முழுச் சுவரையும் தரையில படுக்க வெச்சுப் பொருத்திப் பார்ப்பார். சரியா இருந்தா ஒவ்வொரு கட்டையிலயும் உளியால ஒரு குறி வெட்டுவார், ரோமன் எண் மாதிரி. அப்புறம் பிரிச்சு, வண்டியில ஏத்தி, மனைக்குக் கொண்டு போய், குறியைப் பார்த்து மறுபடி சேர்ப்பாங்க. நாம இன்னிக்கு பிரீஃபேப்னு சொல்ற முறை பல நூறு வருஷம் முன்னாடியே நடந்திருக்கு. அந்தக் குறிகளை இன்னிக்கும் பல வீடுகள்ல பார்க்கலாம்.

பாரம்பரியத்துக்கு இது ஏன் முக்கியம்னா, பிரிக்க முடிஞ்ச வீட்டை ரிப்பேர் பண்ண முடியும். அடிச்சட்டம் மட்டும் உளுத்துப் போச்சா? அந்தக் கட்டையை மட்டும் மாத்தலாம். தூணோட கீழ்ப்பக்கம் மட்டும் போச்சா? கெட்டதை அறுத்துட்டு, புது ஓக் துண்டைப் படிக்கட்டு மாதிரி வெட்டிப் பொருத்தி ஒட்டுப் போடலாம். மீதித் தூண் அப்படியே நிக்கும். இன்னொரு லாபமும் இருக்கு. பழைய மரம் அங்கயே இருந்தா அதோட வருஷ வளையங்களோட அகல வரிசையை, வருஷம் தெரிஞ்ச மரங்களோட வளையங்களோட ஒப்பிட்டு, மரம் எந்த வருஷம் வெட்டப்பட்டதுன்னே கண்டுபிடிக்கலாம். தச்சர்கள் பெரும்பாலும் பச்சை மரத்தையே வேலைக்கு எடுத்ததால, வெட்டின வருஷம் தெரிஞ்சா வீட்டோட வயசும் கிட்டத்தட்ட தெரிஞ்ச மாதிரி. எழுத்துல ஆவணம் இல்லாத வீட்டுக்குக் கட்டையே பிறப்புச் சான்றிதழ்.

நல்லது பண்றேன்னு சிமென்ட் பூசினா

மரவீட்டுக்கு மழையை விடப் பெரிய எதிரி, உள்ள போய் வெளிய வர வழியில்லாத ஈரம். ஓக் கட்டை நனைஞ்சாலும் சீக்கிரம் காய்ஞ்சிட்டா நூற்றாண்டுக் கணக்குல நிக்கும். களிமண்ணும் சுண்ணாம்பும் இதுக்குத் துணை. ரெண்டும் ஈரத்தை உறிஞ்சும், காத்து அடிச்சா திருப்பி விட்டுடும். மரம் வருஷா வருஷம் கொஞ்சம் விரிஞ்சு சுருங்கும்போது அதுங்களும் ஓரளவு வளைஞ்சு கொடுக்கும்.

20-ஆம் நூற்றாண்டுல பல வீடுகள்ல இந்த நிரப்பைச் சிமென்ட் பூச்சால மாத்தினாங்க, இல்லன்னா காத்துப் போகாத பெயின்ட்டைச் சட்டத்து மேலயே அடிச்சாங்க. சிமென்ட் கெட்டியானது, நீடிக்கும்னு நம்பிக்கை. ஆனா மரம் அசையும், சிமென்ட் அசையாது. ரெண்டுக்கும் நடுவுல மயிரிழை விரிசல் விழும். மழைத்தண்ணி அது வழியா உள்ள போகும், வெளிய வர வழி இருக்காது. பல தலைமுறை தாண்டி நின்ன கட்டை சில பத்தாண்டுகள்ல உள்ளுக்குள்ளயே உளுத்துப் போகும். வெளிய இருந்து பார்த்தா வீடு பளிச்சுன்னு இருக்கும், முகம் நல்லா இருக்க எலும்பு போயிட்டிருக்கும். அதனாலதான் இன்னிக்கு அங்க ஃபாக்வெர்க் ரிப்பேர்னா மறுபடி களிமண்ணு, சுண்ணாம்புன்னு பேசுறாங்க. ஸ்ட்ராங்கான மெட்டீரியல் எப்பவும் சரியான மெட்டீரியல் ஆகிடாதுங்கிறதுக்கு இதை விட நல்ல கேஸ் ஸ்டடி கிடைக்காது.

கவனிக்காம விட்டாலும் இதே கதிதான். கிழக்கு ஜெர்மனி காலத்துல பணமும் ஆளும் பொருளும் இல்லாம க்வெட்லின்பூர்க்ல பல வீடுகள் சிதைஞ்சுது. 1980-களில் சில பகுதிகளை இடிச்சுட்டு கான்கிரீட் பேனல் கட்டடங்கள் கட்டினாங்க. 1990-ல ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணு சேர்ந்த பிறகுதான் பெரிய அளவுல மீட்பு வேலை நடந்துச்சு.

கூரையை ஒளிச்சு வெச்ச ஊர்

இப்போ ஆஸ்திரியாவுக்கு வருவோம். சால்ஸ்பூர்க். மொட்சார்ட் 1756-ல பிறந்த வீடு இருக்கிற கெட்ரைடகாஸ தெருவுல நின்னு நிமிர்ந்து பார்த்தா கூரையே தெரியாது. வீட்டு முகப்பு நேரா மேல போய், பட்டையா முடிஞ்சிடும். மொட்டை மாடி போலன்னு தோணும். பனி கொட்டுற ஊர்ல மொட்டை மாடியா?

முகப்புச் சுவருக்குப் பின்னாடி சாய்வுக் கூரைதான் இருக்கு, ஒளிஞ்சு இருக்கு. ஒரே பெரிய கூரை போடாம, சின்னச் சின்னதா ரெண்டு மூணு கூரைகளைப் பக்கத்துல பக்கத்துல போட்டிருப்பாங்க. நடுவுல பள்ளம். அதனால இதுக்குப் பள்ளக்கூரைன்னு அர்த்தம் வர்ற மாதிரி கிராபன்டாக்னு பேரு. சுத்தியிருக்கிற சுவரைக் கூரை உயரத்துக்கு எழுப்பிடுவாங்க. இன், சால்சாக் ஆத்தங்கரை ஊர்களுக்கே உரிய பாணி இது. ஆஸ்திரியாவுல ஷேர்டிங், பிரௌனௌ, ஜெர்மனி பக்கம் பூர்க்ஹௌசன், வாஸர்பூர்க்னு ரெண்டு நாட்டு எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கு.

காரணம் தீ. ஒட்டி ஒட்டி வீடுகள், மேல மரப்பலகைக் கூரைகள். ஒரு வீட்டுல பத்தினா பொறி பறந்து அடுத்த கூரையில விழும். உயர்த்தின சுவர் அந்தப் பொறிக்கும் தழலுக்கும் தடுப்பு. இதுக்கு ஒரு விலையும் உண்டு. பனியும் மழைத்தண்ணியும் நேரா அந்தப் பள்ளத்துல வந்து சேரும். அங்க ஒரு ஓட்டை விழுந்தா தண்ணி நேரா வீட்டு நடுவுல இறங்கும். தண்ணியை வெளியேத்த முகப்புச் சுவர்ல துளை விட்டுத் தூம்பு வைப்பாங்க. தீக்குப் பயந்து தண்ணியோட தினசரிப் போராட்டத்தை ஏத்துக்கிட்டிருக்காங்க. எந்த டிசைன்லயும் இப்படி ஒரு டிரேட் ஆஃப் இருக்கும், இங்க அது மேல இருந்து பார்த்தா மட்டும் தெரியும்.

அதே தெருவுல வீட்டுக்கு வீடு தொங்குற இரும்பு வேலைப்பாட்டுப் பலகைகளும் ரொம்ப பிரபலம். எழுத்துத் தெரியாதவங்க அதிகமா இருந்த காலத்துல, சாவிப் படம் தொங்கினா பூட்டுக்காரர், பூட்ஸ் தொங்கினா செருப்புத் தைக்கிறவர்னு புரிஞ்சுக்கத்தான் அது வந்துச்சு. இன்னிக்கும் அந்தப் பழக்கத்தை விடல. மெக்டொனால்ட்ஸ்கூட அங்க இரும்புல செஞ்ச பலகையைத்தான் தொங்க விட்டிருக்கு.

சட்டம் முகத்தை மட்டும் பார்த்தப்போ

சால்ஸ்பூர்க் பழைய நகரத்தைக் காப்பாத்த 1967-ல ஒரு தனிச் சட்டம் வந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா அது காப்பாத்தினது கட்டடங்களோட வெளித்தோற்றத்தை. முகப்பைத் தொடாம, பின்னாடி இருக்கிற பழைய வளைவு அறைகள், மர விட்டங்கள், படிக்கட்டுகள் எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசாக் கட்ட வழி இருந்துச்சு. அப்படிச் சில வீடுகள் குடல் உருவின மாதிரி ஆச்சு. தெருவுல நடக்கிறவங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. 1980-ல சட்டத்தைத் திருத்தி உள்பகுதிக்கும் பாதுகாப்பு கொடுத்தாங்க. 1996-ல அந்தப் பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு.

முகம் மட்டும் போதும்னு முடிவெடுத்தா எங்க போய் நிக்கும்னு பார்க்க ஜெர்மனியோட பிரௌன்ஷ்வைக் போகலாம். அங்க 19-ஆம் நூற்றாண்டு அரண்மனை ஒண்ணு இருந்துச்சு. ரெண்டாம் உலகப்போர்ல சேதமாச்சு. எதிர்ப்பு இருந்தும் 1960-ல இடிச்சுட்டாங்க. அப்புறம் 2007-ல அதே இடத்துல அரண்மனை திரும்ப வந்துச்சு, முகப்பா மட்டும். மீட்டெடுத்த பழைய கற்கள் பலதையும் அதுல சேர்த்திருக்காங்க. முன்பகுதியில நகர நூலகம் மாதிரி பொது இடங்கள் இருக்கு. அதைத் தாண்டிப் பின்னாடி போனா ஒரு பெரிய ஷாப்பிங் மால். அங்க போய் நிக்கிறவங்களுக்கு அது அரண்மனையா, மாலுக்கு மாட்டின முகமூடியா? ஊர்க்காரங்களுக்குத் தொலைஞ்ச ஒரு அடையாளம் திரும்பக் கிடைச்சுது, அதைக் குறைச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த முகப்பு தனக்குப் பின்னாடி இருக்கிறதைப் பத்தி உண்மை சொல்லல.

அப்போ எலும்பை மாத்தவே கூடாதா?

அப்படிச் சொன்னா வியன்னாவோட ஸ்டெஃபான்ஸ்டோம் பேராலயத்தை என்ன பண்றது? வண்ண ஓடுகள்ல கோணல் கோணலா டிசைன் போட்ட அந்தச் செங்குத்தான கூரையைப் பார்த்திருப்பீங்க. சுமார் 2,30,000 ஓடுகள். சாய்வு அதிகமா இருக்கிறதால மழையே ஓட்டைக் கழுவி விட்டுடும், பனியும் அதிகம் தங்காது. 1945 ஏப்ரல்ல, போரோட கடைசி நாட்கள்ல, பக்கத்துக் கட்டடங்கள்ல பத்தின தீ இதுக்கும் பரவி, இடைக்காலத்து மரச்சட்டக் கூரை முழுசா எரிஞ்சுது. பெரிய மணி கீழ விழுந்து உடைஞ்சுது.

திரும்பக் கட்டும்போது மரத்துக்குப் பதிலா ஸ்டீல்ல கூரைச்சட்டம் போட்டாங்க. மறுபடி எரியக் கூடாதுன்னு யோசிச்சு எடுத்த முடிவு. அப்போ இதுவும் முகமூடிதானா? எனக்கு அப்படித் தோணல. காரணம், அவங்க மறைக்கல. கூரையோட ஒரு பக்கம் புதுசாப் போட்ட கழுகுச் சின்னத்துக்கு அடியிலேயே 1950-ன்னு ஓட்டுலயே எழுதியிருக்காங்க. இந்தக் கூரை எரிஞ்சுது, இந்த வருஷம் நாங்க மறுபடி போட்டோம்னு கட்டடமே சொல்லுது. போரால ஒடிஞ்ச நாட்டோட ஒவ்வொரு மாநிலமும் ஒரு பகுதியை ஏத்துக்கிச்சு. ஓடுகள் வியன்னா, தரைக்கற்கள் கீழ் ஆஸ்திரியா, புது மணி மேல் ஆஸ்திரியா. உடைஞ்ச பழைய மணியோட உலோகத்தை உருக்கித்தான் 1951-ல அந்தப் புது மணியை வார்த்தாங்க.

ஜெர்மனியோட டிரெஸ்டன்ல இருக்கிற ஃபிரௌயன்கிர்ஷே தேவாலயம் இன்னும் ஒரு படி மேல. கெயோர்க் பேர் வடிவமைச்சு 1726-ல தொடங்கி 1743-ல முடிஞ்ச கட்டடம். மேல முழுக்கக் கல்லால ஆன பிரம்மாண்டக் குவிமாடம். 1945 பிப்ரவரி குண்டுவீச்சுல உடனே விழல. உள்ள எரிஞ்ச தீயோட சூட்டுல கல் தூண்கள் வலுவிழந்து, 15-ஆம் தேதிதான் மொத்தமா சரிஞ்சுது. கிழக்கு ஜெர்மனி காலம் முழுக்க அந்தக் கற்குவியல் போர் நினைவுச் சின்னமாக் கிடந்துச்சு. 1990-களில் குவியலைக் கல் கல்லா எடுத்து, அளந்து, எண் போட்டு, பழைய போட்டோக்களோடயும் கம்ப்யூட்டர் உதவியோடயும் எந்தக் கல் எங்க இருந்துச்சுன்னு தேடினாங்க. 2005 அக்டோபர் 30-ல திறந்தாங்க.

அந்தச் சுவரைப் பார்த்தா கறுப்புப் புள்ளி புள்ளியாத் தெரியும். அங்கத்து மணற்கல் புதுசுல வெளிர் மஞ்சள், காலம் போகப் போகக் கறுத்துடும். கறுப்பா இருக்கிறது 18-ஆம் நூற்றாண்டுக் கல், வெளிறினது நம்ம காலத்துக் கல். ஒரே கலர்ல தேய்ச்சு மறைச்சிருக்கலாம், மறைக்கல. அதனால இந்தச் சுவர் உடைஞ்சதையும் சொல்லுது, சேர்ந்ததையும் சொல்லுது.

ஆக, எலும்பை மாத்தலாமா கூடாதாங்கிறது மட்டும் கேள்வி இல்ல. ஏன் மாத்தினோம்னு ஒரு காரணம் இருக்கணும், மாத்தினது தெரியணும்.

கை மறந்துட்டா கட்டடம் நிக்காது

இவ்வளவுக்கும் பின்னாடி ஒரு விஷயம் இருக்கு. ஓக் கட்டையில ஒட்டுப் போடவும் களிமண் பூசவும் கல் செதுக்கவும் தெரிஞ்ச கைகள் இல்லன்னா எந்தச் சட்டமும் ஒண்ணும் பண்ண முடியாது. கொலோன் பேராலயம் 1248-ல தொடங்கி, நடுவுல சில நூறு வருஷம் நின்னு போய், 1880-ல முடிஞ்சுது. முடிஞ்சும் முடியல, அங்க ஒரு நிரந்தரப் பட்டறை இன்னிக்கும் கல் மாத்திக்கிட்டே இருக்கு. உல்ம், வியன்னான்னு பல ஊர்கள்ல இதே மாதிரி பட்டறைகள். பௌஹ்யூட்டன்னு சொல்ற இந்தப் பட்டறை முறையை 2020-ல யுனெஸ்கோ நல்ல பாதுகாப்பு முறைகளோட பதிவேட்டுல சேர்த்துச்சு. கட்டடத்தைச் சேர்க்கல, கட்டடத்தைக் காக்கிற வழக்கத்தைச் சேர்த்தது.

இன்னொரு பழக்கமும் இன்னும் உயிரோட இருக்கு. தொழில் பயிற்சி முடிச்ச இளம் தச்சர்களும் கொத்தர்களும் விருப்பப்பட்டா ஊரை விட்டுக் கிளம்பி மூணு வருஷமும் ஒரு நாளும் ஊர் ஊராப் போய் வேலை கத்துக்கிறாங்க. கறுப்பு கோட், அகலமான பேன்ட், தொப்பி, ஒரு மூட்டை. சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டர் சுத்துவட்டத்துக்குள்ள வரக் கூடாதுங்கிறது விதி. நம்ம வயசுப் பசங்கதான். ஒவ்வொரு ஊர்லயும் ஜாயின்ட் எப்படிப் போடுறாங்க, சுண்ணாம்பு எப்படிக் கலக்குறாங்கன்னு கையாலயே கத்துக்கிட்டு அடுத்த ஊருக்குக் கொண்டு போறாங்க.

நாளைக்கு நம்மள்ல சிலர் பழைய கட்டடம் ஒண்ணுக்கு ரிப்போர்ட் எழுதுற இடத்துல உட்காரலாம். இடிக்கலாமா, வெச்சுக்கலாமான்னு கையெழுத்துப் போடுற இடம். முகப்பு அழகா இருக்கான்னு பார்க்கிறது சுலபம், அதுக்கு நம்ம படிப்பே தேவையில்ல. நாம கேக்க வேண்டியது வேற மூணு கேள்வி. லோட் எது வழியா இறங்குது? தண்ணி எது வழியா வெளிய போகுது? இதைக் கட்டத் தெரிஞ்ச யாராவது இன்னும் இருக்காங்களா? மூணாவது கேள்விக்கு இல்லன்னு பதில் வந்தா, முதல் வேலை கட்டடத்துல இல்ல, ஆளைத் தயார் பண்றதுல இருக்கு.